சங்கு வண்டி

திண்டுக்கல்லில் இன்றைக்கு ஸ்பா என்று பலகை மாட்டியிருப்பவர்களில் பாதிப் பேருக்கு, மனுச உடம்பில் கழுத்து எங்கே முடிந்து தோள்பட்டை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கண்ணாடிக் கதவு தெரியும், ஏசி தெரியும், மெழுகுவத்தி கொளுத்தி வைக்கத் தெரியும். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். ஒருத்தி படியேறி வரும் சத்தத்தை வைத்தே எந்தப் பக்கத்து இடுப்பு இறுகிக் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று மற்றவர்கள் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். என்னைப் பற்றி நான் சொல்லாவிட்டால் வேறு எவர் சொல்லப்போகிறார்? ஊர் என்ன சொன்னது என்பதுதான் இந்தக் கதை.

சின்ன வயதில் வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான், அங்கே உட்கார இடம் கிடையாது. ஷிப்டு முடிந்து வந்தால் கால் மரக்கட்டை. ஒருத்தி காலை ஒருத்தி பிடித்துவிடுவோம். என் கை பட்டால் தூங்கிவிடுவார்கள், அதனால் என்னிடம்தான் கூட்டம். பிறகு கொடைக்கானலில் ஒரு ஓட்டலில் துண்டு துவைத்து மடிக்கிற வேலை. மசாஜ் அறைக்குத் துண்டு கொண்டுபோகும்போது, அந்தப் பெண்கள் கையை எப்படி வைக்கிறார்கள், எங்கே எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிற்பேன். ஒரு நாள் ஆள் வரவில்லை என்று என்னை உள்ளே அனுப்பினார்கள். மறுநாள் நான் பிடித்துவிட்ட அம்மா, 'நேத்து வந்த துண்டுக்காரியத்தான் அனுப்பணும்' என்று ஆபீஸில் சொல்லிவிட்டாள். அப்புறம் துண்டை வேறு ஆள் மடித்தார்கள்.

எவர் கையையும் எதிர்பார்க்காமல் திண்டுக்கல்லில் சொந்தமாகக் கடை போட்டேன். கீழே பெயிண்டுக் கடை, மேலே மாடியில் நான். பெண்களுக்குப் பெண்களே செய்வது, ஆண் வாடை கிடையாது. பலகை எழுதினவனிடம் 'பெண்களுக்கு மட்டும்' என்று பெரிதாக எழுதச் சொன்னேன். இடம் பத்தவில்லை என்று அவன் 'பெண்கள் மட்டும்' என்று எழுதி மாட்டிவிட்டுப் போனான். ஊரில் உள்ள ஆம்பிளைகள் அதை எப்படி வாசித்தார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

போன் வரும். "அக்கா, அங்க ஸ்பெசல் ஏதாச்சும் உண்டா?"

"உண்டுப்பா. வெளக்கமாறு புதுசா வாங்கி வச்சிருக்கேன். கெளம்பி வா."

பலகையைத் திருத்தி எழுதினேன். போன் நிற்கவில்லை. மசாஜ் என்ற சொல் அப்படிப்பட்டது. 'பிடிச்சு விடுறது' என்றால் புண்ணியம், 'மசாஜ்' என்றால் பாவம். கை அதே கை, எண்ணெய் அதே எண்ணெய். பெயிண்டுக்கடைக்காரர்தான் கட்டடத்துக்கு ஓனர். அவர் ஒரு நாள் மாடிப்படிக்குக் கீழேயே நின்றுகொண்டு மேலே பார்த்துப் பேசினார்.

"மேல என்ன நடக்குதுன்னு எங்கிட்டக் கேக்குறாகம்மா."

"மேல வந்து பாருங்க அண்ணே."

"நான் மேல வந்தா இன்னும்ல பேசுவாக!"

காலி செய்யச் சொல்லிவிட்டார். நல்ல மனுசன் என்று எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனுசர்களால் எனக்கு வந்த சேதம் கெட்டவர்களால் வந்ததில்லை.

கடை இல்லை என்றால் வண்டி. ஜனங்கள் என்னிடம் வரக் கூச்சப்பட்டால் நான் ஜனங்களிடம் போகிறேன். இந்த யோசனை எனக்குத்தான் முதலில் வந்தது. பிறகு வந்த வண்டிகள் எல்லாம் என்னைப் பார்த்துப் போட்ட காப்பி. வண்டி ஓட்ட அறுபதைத் தாண்டிய பிறகு பழகினேன். பழக்கிவிட்டவன் முதல் நாளே, "பாட்டி, பேரனக் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்றான். லைசென்ஸுக்கு எட்டுப் போடும்போது என்னோடு பழகின பையன்கள் எல்லாம் நடுவிலேயே வண்டியை அணையவிட்டார்கள். நான் அணையவிடவில்லை.

வண்டியைச் செம்பட்டியில் வாங்கினேன். அது அமரர் ஊர்தி. பிணம் ஏற்றுகிற வண்டி. தெரிந்தேதான் வாங்கினேன். வைத்திருந்தவர் பெரிய வண்டி எடுத்துவிட்டு இதை ஓரமாக நிறுத்தியிருந்தார், மறுவிலைக்கு ஒருத்தனும் கிட்ட வரவில்லை. நான் பின் கதவைத் தூக்கிப் பார்த்தேன். ஆள் நீட்டிப் படுக்கிற நீளம். மசாஜ் பெட்டை மடிக்காமலே உள்ளே தள்ளலாம். தரை முழுக்க எவர்சில்வர் தகடு, எண்ணெய் சிந்தினால் வாளித் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும். ஓரத்தில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்து அழுகிற பெஞ்சு, என்னோடு வருகிற இரண்டு பெண்கள் அதில் உட்கார்ந்துகொள்ளலாம். எங்கள் தொழிலுக்கென்றே செய்த வண்டி மாதிரி இருந்தது. படித்தவர்கள் ஆர்டர் கொடுத்துச் செய்தாலும் இப்படி வராது.

கழுவினேன். மஞ்சத்தண்ணீர் தெளித்தேன். கத்தரிப்பூ நிறத்தில் பெயிண்ட் அடித்தேன். பெயிண்டு வேறு கடையில் வாங்கினேன். அதற்குமேல் ஒரு வண்டிக்கு என்ன செய்ய வேண்டும்? யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இதே சீட்டில் நேற்று யார் உட்கார்ந்தது என்று கேட்டுவிட்டா ஏறுகிறார்கள்?

வண்டி ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நாளில் வடமதுரையிலிருந்து ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்தது. பெண்ணைப் பெற்றவளே போன் செய்தாள். பெண்ணுக்கு முதுகு, கால், ஸ்டீம். கூடவே அவளுக்கும்.

"எனக்குத் தோள்பட்ட பூட்டிக்கிருச்சுக்கா. கொண்டை போடக்கூட எம்மகதான் வந்து நிக்கணும். அவ போய்ட்டா நான் என்ன செய்ய? பந்தியில சோத்து வாளியக்கூட ஒத்தக் கையிலயா தூக்குறது?"

"கல்யாணத்துக்கு மொத நாள் வாரேன் தாயி. வாளி என்ன, அண்டாவையே தூக்கலாம்."

அது எனக்கு முதல் கல்யாண வீடு. அங்கே கூடுகிற பொம்பளைகள் நம் கையைப் பார்த்தால், அவரவர் வீட்டு விசேசத்துக்கு நம்மைத்தான் கூப்பிடுவார்கள். பார்க்காமல் போனால் கூப்பிட ஆளே கிடையாது. கடை போயாயிற்று. இனி வண்டி நின்றால் நானும் அந்த இரண்டு பெண்களும் பழையபடி யார் வீட்டுத் துண்டையாவது மடிக்கப் போக வேண்டியதுதான்.

புறப்படுகிற அன்று காலையில் ரிவர்ஸ் ஹாரன் மாட்டச் சொல்லி எலக்ட்ரீசியனிடம் வண்டியை விட்டேன். பின்னால் போகும்போது பிள்ளைகுட்டிகள் விலக வேண்டுமே என்று. அந்தத் தறுதலை புது ஹாரன் வாங்கச் சோம்பல்பட்டு, வண்டியில் ஏற்கெனவே பம்பருக்கு அடியில் கிடந்த பழைய ஹாரனை எடுத்து ரிவர்ஸ் கியர் ஒயரில் இணைத்துவிட்டான். அது என்ன ஹாரன் என்று ஒரு தடவை அடித்துப் பார்க்கவில்லை. "போட்டாச்சுக்கா, கிண்ணுன்னு இருக்கும்," என்று சாவியைக் கொடுத்தான்.

கல்யாண வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசியில். சந்தை அடைத்துப் பந்தல். பந்தலை ஒட்டிக் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவன், "யக்கா, செத்த பின்னால போங்க, மரம் நட்டணும்," என்றான்.

ரிவர்ஸ் போட்டேன்.

சங்கு ஊதியது.

இங்கே சங்கு என்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சாவு எடுத்துப் போகும்போது வண்டி முழங்கிக்கொண்டே போகுமே, அந்தச் சங்கு. நீளமாக, அழுகிற மாதிரி. பந்தலுக்குள் பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள், வெங்காயம் உரித்தவர்கள், மைக் டெஸ்ட் பண்ணினவன், எல்லோரும் அப்படியே நின்றார்கள். ஒரு கிழவர் பழக்கதோஷத்தில் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

நான் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினேன். சங்கு நின்றது. அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவன் பெண்ணின் தாய்மாமன். பெண்ணைப் பெற்றவளுக்குக் கூடப் பிறந்த அண்ணன், பக்கத்து வீட்டுக்காரன். கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் சங்கிலி.

"யாரும்மா நீ? என்னா வண்டி இது?"

"மசாஜுக்கு வந்திருக்கோம் அப்பு. பொண்ணப் பெத்தவுகதான் வரச் சொன்னாக. ஹாரன்ல ஏதோ கோளாறு."

அவன் ஒருவேளை விட்டிருப்பான். பெண்ணுக்கு மேக்கப் போட வந்திருந்தவள்தான் விடவில்லை. அவள் என் கடையில் வேலை பார்த்தவள். முகத்துக்குக் கிரீம் தேய்ப்பதைத் தவிர வேறெதற்கும் கை வணங்கவில்லை என்று நான் அனுப்பிவிட்டேன். அவள் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"இது செம்பட்டி அமரர் வண்டில்ல? பெயிண்டு அடிச்சிட்டாகளா! எங்க பெரியப்பாவ இதுலதான ஏத்துனோம்!"

"ஏத்துனதுக்கு ஒங்க பெரியப்பன் ஏதும் கொறை சொன்னாராடி?" என்றேன்.

சமையல்காரர்கள் பக்கம் ஒரு சிரிப்பு வந்து அடங்கியது. தாய்மாமனுக்குச் சிரிப்பு வரவில்லை. முகம் கறுத்துவிட்டது.

"பொணவண்டியவா கல்யாண வீட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுன? எடு. மொதல்ல வண்டிய எடு!"

எடுக்கலாம். முன்னால் பந்தல். முட்டுச்சந்து. திருப்ப இடமில்லை. பின்னால்தான் போக முடியும். ரிவர்ஸ் போட்டேன். மறுபடி சங்கு.

"நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று வீட்டுப் பொம்பளைகள் காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்கள். நிப்பாட்டினேன். "எடு வண்டிய!" என்று ஆம்பிளைகள் கத்தினார்கள்.

"எடுத்தா ஊதும். ஊதாம எடுக்கணும்னா பந்தலப் பிரிங்க," என்றேன். உள்ளதைத்தான் சொன்னேன். அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் திமிர் உண்டு, அது வேறு விசயம்.

தாய்மாமன் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வண்டியை அணைத்து, சாவியை உருவிக்கொண்டான். வேட்டி மடியில் வைத்து முடிந்தான்.

"இங்கேரு கெழவி. சாவி எங்கிட்ட இருக்கும். கல்யாணம் முடியட்டும். இந்த வண்டிய வெலைக்கித் தள்ளிட்டேன், இனி எந்த வீட்டுக்கும் கொண்டு போகமாட்டேன்னு எங்க பெரிய மனுசங்க முன்னாடி வந்து சொல்லு. அன்னைக்கிச் சாவி தாரேன். இல்லாட்டி வடமதுரையில இருந்து திண்டுக்கல் வரைக்கும் ஒரு வாசல்ல ஒன் வண்டி நிக்காது. நிக்க விட்டேன்னா நான் எங்கப்பனுக்குப் பொறக்கல."

வீட்டு நிலைப்படிக்குள் பெண்ணைப் பெற்றவள் நின்றாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிற்பிலேயே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. போனில் அம்புட்டு நேரம் அழுதவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் வாசல் கோலத்தைப் பார்த்தாள். 'நான்தான் வரச் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அதற்குத் தோள்பட்டை தேவையில்லை, நாக்கு போதும். அண்ணன்காரன் மேல் எனக்கு வந்த கோபத்தைவிட அவள் மேல் வந்த கோபம் பெரிது. இன்றும் அப்படித்தான்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். ஸ்டீரிங்கை ஒரு திருப்புத் திருப்பி, பூட்டு விழுந்ததா என்று பார்த்துக்கொண்டுதான் இறங்கினேன். என்னோடு வந்த இரண்டு பேரில் வாயாடியாக இருப்பவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

"ஏடி, அழாத. எண்ணெப் பைய மட்டும் எடுத்துக்க. நடங்க."

"பெட்டு, யக்கா?"

"கெடக்கட்டும்."

"எங்க போற?" என்றான் தாய்மாமன்.

"பஸ்ஸுக்கு."

"வண்டி?"

"சாவி ஒங்க மடியில இருக்கு. வண்டி ஒங்க வாசல்ல இருக்கு. எனக்கும் அதுக்கும் என்ன? மாப்பிள வீட்டுக்காரக எத்தன மணிக்கி வாராக?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மாப்பிள்ளை வீட்டார் அன்று சாயங்காலம் பரிசத்தட்டோடு வருவதாக இருந்தது. அந்தச் சந்தில்தான் வர வேண்டும். வாழைமரத்துக்கு நேர் எதிரே அமரர் ஊர்தி வரவேற்புக்கு நிற்கும். மேக்கப்காரி புண்ணியத்தில் அது என்ன வண்டி என்று தெரியாத ஆள் அந்தத் தெருவில் ஒருவரும் பாக்கி இல்லை.

"ஏலே, தள்ளுங்கடா இத!" என்று இளவட்டங்களைப் பார்த்துக் கத்தினான்.

ஒருத்தனும் நகரவில்லை. "மாமா, நாங்க மாப்பிளத் தோழனுக்கு மால போடணும் மாமா," என்றான் ஒருத்தன். பந்தல்காரன், "என் வேல பந்தலோட சரி," என்றான். சமையல் மேஸ்திரி கரண்டியைத் தூக்கிக் காட்டி, "இந்தக் கையால சோறு ஆக்கணுமா வேணாமா, சொல்லுங்க," என்றார்.

நான் திரும்பி நின்று சொன்னேன். "தள்ளுனாலும் நேராப் போகாது, ஸ்டீரிங் பூட்டியிருக்கு. நீங்களே ஏறி எடுத்துருங்க அப்பு. ஓட்டத் தெரியும்ல? சீட்டு மெத்துன்னுதான் இருக்கும். ரிவர்ஸ் எங்க இருக்குன்னு வாயாடி சொல்லுவா."

அவன் என்னை அடிக்க வந்தான் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவன் பெண்டாட்டி, பூ கட்டிக்கொண்டிருந்தவள், எழுந்து வந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"ஏங்க! அந்தச் சாவியவா மடியில வச்சிருக்கீக? விடிஞ்சா பிள்ளைக்கிப் பட்டம் கட்டணும் நீங்க!"

தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் எங்கள் பக்கத்தில் பெண் மணவறை ஏறாது. அந்தக் கையில் இப்போது பிணவண்டிச் சாவி. அவன் மடியை அவிழ்த்துச் சாவியை எடுத்தான். எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பந்தலில் வைக்க முடியாது. வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. கீழே போட்டால் கோலம். யாராவது வாங்கிக்கொள்வார்களா என்று ஒவ்வொருத்தராகப் பார்த்தான். அவன் பார்க்கிற பக்கமெல்லாம் ஆட்கள் ஓரடி பின்னால் போனார்கள். பெண்டாட்டியும் போனாள்.

நான் சந்து முனைக்கு நடந்துவிட்டேன். மெதுவாகத்தான் நடந்தேன். எனக்கென்ன அவசரம்? பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

கிழிந்த வாழையிலைத் துண்டில் சாவியை வைத்து நீட்டிக்கொண்டு நின்றான். வேர்த்துக் கொட்டியது.

"இந்தாம்மா. எடுத்துட்டுப் போ."

"எலையில என்ன, பலகாரமா? கையில குடுங்க."

கையில் கொடுத்தான்.

"இந்த வண்டி எந்த வாசல்லயும் நிக்காதுன்னு சொன்னீகள்ல. அதுக்கு என்ன?"

"சொன்னா சொன்னதுதான். இப்ப எடு."

நான் சாவியை அவன் கைக்கே திரும்ப நீட்டினேன். அவன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"சரி, நிக்கட்டும். எங்கயும் நிக்கட்டும். நான் தலையிடல. போதுமா?"

"எனக்குக் காது மந்தம் அப்பு. பந்தல்ல இருக்குறவகளுக்கும் மந்தம்."

அவன் திரும்பிப் பார்த்தான். மொத்தப் பந்தலும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, பந்தலுக்குக் கேட்கிற மாதிரி அதையே உரக்கச் சொன்னான். என் காது இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

வண்டிக்குப் போனோம். ஏறி உட்கார்ந்த பிறகு வாயாடி குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தாள். "யக்கா, ஒயரு இங்கதான் தொங்குது. புடுங்கிவிட்டா ஊதாதுல்ல? புடுங்கவா?"

"கைய எடு."

ரிவர்ஸ் போட்டேன். அந்தச் சந்தின் கடைசியிலிருந்து முனை வரைக்கும் சங்கு முழங்க முழங்க, பின்னாலேயே, ஆமை மாதிரி ஓட்டிக்கொண்டு வந்தேன். இரண்டு பக்கமும் வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். கண்ணாடியில் பார்த்தால் எவனோ செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்கட்டும் என்று ஒரு தடவை நின்று நிதானித்துக்கூட ஓட்டினேன்.

அந்தப் படம் அன்றைக்கே ஊர் ஊராகப் போனது. கல்யாணம் சிறப்பாக நடந்ததாகக் கேள்வி, அந்தப் பெண் நல்லபடியாகக் குடும்பம் நடத்துகிறாள். ஒரு சங்குச் சத்தத்தில் கெட்டுப்போகிற வாழ்க்கை என்றால் அதைச் சங்கு ஊதாமலே கெடுத்துக்கொள்ளலாம். ஆனால் கல்யாண வீட்டு ஆர்டர் எனக்கு அதோடு சரி. வளைகாப்பு கிடையாது, சடங்கு வீடு கிடையாது. போன் எடுத்தால், "சங்கு வண்டியாம்மா? எங்க மாமியார ஏத்த எப்ப வாரீக?" என்று கேலி. "ஒன் மாமியாருக்கு எதுக்கு, நீ ரெடியா இரு," என்று நானும் விடமாட்டேன். எலக்ட்ரீசியன் வந்து ஹாரனை மாற்றிவிட்டுப் போனான். அவனை நான் என்ன பேசினேன் என்பது அச்சில் ஏறாது.

வண்டியை விற்றுவிடச் சொன்னார்கள். கூட வேலை பார்க்கிறவர்களே சொன்னார்கள். வேறு நிறம் அடிக்கலாம், வேறு பேர் வைக்கலாம் என்றார்கள். முடியாது என்றேன். எவனோ ஒருத்தன் மடியில் முடிந்துகொண்டான் என்பதற்காக நான் விற்றால், சாவியை வாங்கி என்ன பிரயோசனம்?

வேடசந்தூருக்கு ஓட்டினேன். மில்லுக்காரப் பிள்ளைகள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் நிறுத்தினேன். பின் கதவைத் தூக்கி, திரையைப் போட்டு, வண்டிக்குள்ளேயே பெட். ராத்திரி ஷிப்டு நின்ற காலுக்கு, இது யாரை ஏற்றின வண்டி என்று கேட்க நேரமில்லை. "படுத்தா எந்திரிக்க விடுவீகள்ல ஆத்தா, அது போதும்," என்று ஒருத்தி ஏறிப் படுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கொஞ்ச நாளில் உட்காரப் பாய் விரிக்க வேண்டியதாயிற்று. சங்கு வண்டி என்றுதான் அவர்களும் சொன்னார்கள். அவர்கள் சொன்னால் அது பேர். மற்றவர்கள் சொன்னால் அது ஏச்சு. எனக்கு வித்தியாசம் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாயாடி திரையை விலக்கி உள்ளே தலையை விட்டாள்.

"யக்கா, அந்த வடமதுர அம்மா வந்திருக்கு. முக்காடு போட்டுக்கிட்டு பாயில உக்காந்திருக்கு. மொதல்ல கூப்புடவா?"

"எதுக்கு மொதல்ல? வரிசையில வரட்டும்."

மில்லுப் பிள்ளைகளுக்கு நடுவில், சரிகைச் சேலையும் முக்காடுமாக அவள் உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏறி இம்புட்டுத் தூரம் வந்தது தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்கத்தான். முறை வந்ததும் ஏறினாள். தகட்டில் கால் வைக்கும்போது ஒரு நொடி நின்றாள். நான் கை கொடுக்கவில்லை. ஏறிக் குப்புறப் படுத்தாள்.

தோள்பட்டையில் கை வைத்தேன். கல்லு. அன்றைக்கே கை வைத்திருந்தால் பாதி வலியில் முடிந்திருக்கும். இத்தனை நாள் அசைக்காமல் வைத்து, பூட்டு துருவேறிவிட்டது. எண்ணெய் சூடு பண்ணி ஊற்றி, சுடுதுணி ஒத்தடம் கொடுத்து, எலும்புக்கு அடியில் விரலைக் கொண்டுபோனேன். முதல் தடவை வருகிறவர்களுக்கு நான் மெதுவாகத் தொடங்குவது வழக்கம். அவளுக்கு அந்த வழக்கத்தைப் பார்க்கவில்லை. துண்டைக் கடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கி... நான் ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்க்கா."

"பேசாதீங்க. மூச்ச வெளிய விடுங்க."

"அண்ணன் முன்னாடி எங்க வீட்டுல யாரும் பேசுறதில்ல. எங்க வீட்டுக்காரர் போய்ச் சேந்த பெறகு அவருதான் எல்லாம்."

"மூச்ச விடச் சொன்னேன், கதைய விடச் சொல்லல."

பிறகு மூச்சை மட்டும் விட்டாள். முடித்து, எழுப்பி உட்காரவைத்து, "கையத் தூக்குங்க," என்றேன். பயந்து பயந்து தூக்கினாள். காது மட்டத்துக்கு வந்து நின்றது. அவளே நம்பாமல் அந்தக் கையைப் பார்த்தாள். திண்டுக்கல்லில் எந்த டாக்டரிடம் போயிருந்தாலும் ஒரே தடவையில் காது மட்டத்துக்கு வந்திருக்காது. இதை நான் எழுதாவிட்டால் எவரும் எழுதமாட்டார்கள்.

"கொண்டை வரைக்கும் போகும்லக்கா?"

"போகும். இன்னும் நாலஞ்சு தடவ பிடிக்கணும்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கெழம வாரேன்."

"இங்க வேணாம். இனி ஒங்களுக்கு இங்க கெடையாது."

முகம் செத்துவிட்டது. "ஏங்க்கா?"

"ஒங்க வீட்டுக்குத்தான் வருவேன். இதே வண்டியில வருவேன். வாசல்ல நிப்பாட்டி, பெட்ட எறக்கி, ஒங்க வீட்டுக் கூடத்துல போட்டுத்தான் பிடிப்பேன். முடியாதுன்னா இந்தக் கை இம்புட்டுத்தான்."

முக்காட்டைச் சரிசெய்தாள். அந்தக் கையை மறுபடி தூக்கிப் பார்த்தாள். காதுக்கு மேல் போகவில்லை.

"செவ்வாக்கெழம அண்ணன் தேங்கா லோடோட வெளியூரு போயிருவாரு," என்றாள்.

"அவரு இருக்குற நாளாச் சொல்லுங்க."

வெளியே மில்லுப் பிள்ளைகள், "யக்கா, எங்க மொற எப்ப?" என்று தகரத்தைத் தட்டினார்கள்.

"வெள்ளிக்கெழம இருப்பாரு," என்றாள்.

வெள்ளிக்கிழமை போனேன். பந்தல் இல்லாமல் சந்து அகலமாக இருந்தது. அவள் முன்கூட்டியே வாசலில் வந்து நின்றாள், முக்காடு இல்லாமல். அவள் வாசலை அடைத்துக்கொண்டு அண்ணன்காரனின் பைக் நின்றது. பக்கத்து வீட்டுப் படியில் அவன் உட்கார்ந்திருந்தான். நான் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை உறுமவிட்டுக் காத்திருந்தேன். அவள் அண்ணனைப் பார்த்து, "அண்ணே, பைக்க எடுங்க. என் தோள்பட்டைக்கி வந்திருக்காக," என்றாள். தெருவுக்கே கேட்டது.

அவன் எழுந்து வந்தான். என் வண்டியைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி காறித் துப்பினான். பைக்கை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுத்தான் துப்பினான்.